காளான் சூப்பும் அதற்குரிய சாறும்

வட இந்தியாவில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில், கார்த்திகை பிறந்ததும் காய்கறிக் கூடையின் தோற்றமே மாறிவிடுகிறது. சிவந்த கேரட்டும், பச்சைப் பட்டாணியும், கட்டுக் கட்டாகக் கொத்துமல்லியும் மலிந்து வரும் இந்நாட்களில், வெள்ளை மொட்டுக் காளானும் தில்லிச் சந்தைகளில் வந்து குவிகிறது. இக்காளான் அரும்புவதற்கு ஏறத்தாழ 14 முதல் 18 டிகிரி வரையிலான குளிர்ச்சி வேண்டும். ஆதலால் ஹரியானாவின் சோனிபத் பகுதி உழவர்கள், குளிர்காலத்தில் குடில்கள் வேய்ந்து இதனைப் பயிர் செய்கின்றனர். ஹிமாசலப் பிரதேசத்தின் சோலன் நகரில் 1961-ஆம் ஆண்டிலேயே இம்முயற்சி தொடங்கிற்று.

காளான் நமக்குப் புதிதன்று. பழந்தமிழர் இதனை ஆம்பி என்றனர். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார், சமையலையே மறந்துவிட்ட தம் அடுப்பில் ஆம்பி பூத்துக் கிடப்பதைக் குமணனிடம் கூறுகிறார். அங்கே அது வறுமையின் அடையாளம். நாம் இன்று அதனை அடுப்பின்மேல் ஏற்றுவோம்.

விருந்துகளிலும் உணவு விடுதிகளிலும் காளான் சூப் என்ற பெயரில் கிடைப்பது, பெரும்பாலும் மாவும் உப்பும் கரைத்த வெந்நீரே. குறை காளானில் இல்லை; அதில் ஊற்றும் நீரில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்டாக்' எனப்படும் சாறு அதில் இல்லை. அலுவலகக் கோப்புகளில் இச்சொல் வந்தால் 'இருப்பு' என்று எழுதி விடுகிறோம். அடுக்களையில் அது பொருந்தாது. காய்கறிச் சாறு என்றே சொல்வோம். பருப்பு வெந்த நீரை இறுத்து ரசத்துக்கு எடுத்து வைக்கும் நமக்கு இதன் தத்துவம் விளங்காமற் போகாது. மிளகுத் தண்ணீரைத்தானே வெள்ளைக்காரர் சூப்பாக்கி, 'மல்லிகடானி' என்று பெயரும் சூட்டினர்!

நால்வர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக் கொள்க. வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, பூண்டு நான்கு பல், கொத்துமல்லித் தண்டு ஒரு பிடி, மிளகு பத்து, பிரிஞ்சி இலை ஒன்று ஆகியவற்றை அதிலிட்டுச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைக்க வேண்டும். வெங்காயச் சருகையும் கழுவிச் சேர்த்தால் பொன்னிறம் கிட்டும். முட்டைக்கோசுத் தண்டு வேண்டா. அதன் வாடை சாறு முழுவதையும் கெடுக்கும். உப்பும் இப்போது வேண்டா. நீர் வற்ற வற்ற அது மிகுந்துவிடும். எலும்புச் சாறு போலப் பல மணி நேரம் காய்ச்சுவதால் பயனில்லை. காய்கறி தன் சுவையை விரைவிலேயே கொடுத்து விடுகிறது. வடிகட்டினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தேறும்.

காளானின் தண்டுகளையும் இச்சாற்றில் இடுமாறு சமையல் நூல்கள் கூறும். நாம் அதற்கு உடன்படவில்லை. குளிர்காலத்தில் பிள்ளைகளுடன் தங்கிச் செல்ல ஊரிலிருந்து வரும் முதியோரில் பலர் காளானைத் தொடமாட்டார்கள். வீட்டார் அனைவரும் ஆவி பறக்கும் கிண்ணத்துடன் அமர்ந்திருக்க, பெரியவர் மட்டும் வெந்நீர் அருந்திக் கொண்டிருப்பது அழகன்று. காளான் கலவாத சாற்றில் ஒரு தம்ளர் எடுத்து, உப்பும் மிளகுத்தூளும் எலுமிச்சையும் சேர்த்து முதலில் அவரிடம் கொடுத்து விடலாம். வெங்காயம், பூண்டு விலக்கும் நாளெனில், அவற்றுக்கு ஈடாக இஞ்சியும் தக்காளியும் இடலாம்.

காளான் 400 கிராம் போதும். அதில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. ஆகையால் ஊறவிடாமல் விரைந்து கழுவித் துடைத்து, தண்டோடு நறுக்குக. அகன்ற வாணலியில் வெண்ணெயிட்டு, பெருந்தீயில் பாதி பாதியாக வதக்க வேண்டும். ஒருசேரக் கொட்டினால் விட்ட நீரிலேயே வெந்து வெளுத்துப் போகும். முதலில் நீர் கசியும். பின் அது வற்றும். அதற்குப் பின்னரே ஓரம் சிவந்து மணம் எழும். அவசரக்காரர் நீர் கசிந்தவுடன் இறக்கி விடுகின்றனர்; மணம் அங்கேயே தவறிப் போகிறது. சிவந்தபின் கால் பங்கைத் தனியே வைத்து, எஞ்சியதை ஒரு பிடி குழைந்த சோற்றுடன் அரைத்துச் சாற்றில் கலந்து, பத்து நிமிடம் கொதிக்க விடுக. மைதாவை வெண்ணெயில் வறுத்துக் கலப்பது மேனாட்டு முறை. சோறு அதைவிட மென்மையானது. தீயைத் தணித்துக் காய்ச்சிய பால் ஒரு தம்ளரும் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து, எடுத்து வைத்த துண்டுகளை மேலே தூவுக.

மலைப்பகுதிகளிலும் அஸ்ஸாமிலும் வாழும் நேயர்களுக்கு ஒன்று கூற வேண்டும். மழைக்குப்பின் தானாக முளைக்கும் காளானைப் பறித்துச் சமைத்தல் கூடாது. அஸ்ஸாமில் 2008-லும் 2022-லும் அவ்வாறு உண்டு பலர் மாண்டனர். சில காளான்களின் நஞ்சு கொதிக்க வைப்பதால் அழியாது. வெள்ளிக் கரண்டி கறுப்பதைக் கொண்டு அறியலாம் என்பதும் பொய். வாந்தியும் பேதியும் பல மணி நேரம் கழித்தே தோன்றும்; ஓரிரு நாளில் தணிந்தது போலவும் இருக்கும். அதற்குள் ஈரல் பழுதாகத் தொடங்கியிருக்கும். ஐயம் தோன்றினால், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சாற்றை இருமடங்காகக் காய்ச்சினால் மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வைத்திருக்கலாம். மறுநாள் ரசத்துக்கும் ஊற்றலாம். கேரட்டின் இனிப்பு இறங்கியிருக்குமாதலால், மிளகை மட்டும் சற்றுக் கூட்டிக் கொள்க.