தேர்தல் கணக்கும் போர்க்களத்து உயிர்களும்



வெல்ல முடியாது என்று தெரிந்த பின்னரும், சொந்த நாட்டு மக்களே வெறுத்த பின்னரும், சில போர்கள் நீடிப்பது ஏன்? அமெரிக்கா வியட்நாமில் நடத்திய போரின் ஆவணங்கள் இதற்கு விடை பகர்கின்றன.

1968 அக்டோபர் 31 அன்று, அதிபர் ஜான்சன் வடவியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவதாக அறிவித்தார். பாரிஸில் நடைபெற்ற சமாதானப் பேச்சு வலுப்பெறும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் சமாதானம் நெருங்கினால் தமது வெற்றி கைநழுவும் என அஞ்சியது, எதிர்க்கட்சி வேட்பாளர் நிக்சனின் தரப்பு. பேச்சுக்குச் செல்லாமல் பொறுத்திருக்குமாறு தென்வியட்நாம் அரசுக்கு அது இரகசியத் தூது அனுப்பியது. நவம்பர் 2 அன்று, பேச்சில் பங்கேற்க மாட்டோம் என அந்நாட்டு அதிபர் தியூ அறிவித்தார். நவம்பர் 5 அன்று நடந்த தேர்தலில் நிக்சன் வென்றார். இதில் தமக்குப் பங்கில்லை என்றே அவர் மறுத்துவந்தார். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் வெளிச்சத்திற்கு வந்த உதவியாளர் ஹால்டெமனின் கைக்குறிப்புகள், அந்த மறுப்பைப் பொய்யாக்கின.

ஆட்சிக்கு வந்த பின்னரும் அதே கணக்குத் தொடர்ந்தது. 1971இலேயே படைகளை முழுமையாக விலக்கினால், அதன் விளைவுகள் 1972 தேர்தலைப் பாதிக்கும். ஆகவே தேர்தலையொட்டி விலகுவதே நலம் என ஆலோசகர் கிஸ்ஸிங்கர் வாதிட்டதை, ஹால்டெமன் 1970 டிசம்பரில் தமது நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். 1972 ஆகஸ்டில் பதிவான வெள்ளை மாளிகை ஒலிநாடாவிலோ, தென்வியட்நாம் எப்படியும் நிலைக்காது என்கிறார் நிக்சன். ஓரிரு ஆண்டுகள் தாங்கும் ஏற்பாடு ஒன்றைக் கண்டாக வேண்டும் என்கிறார் கிஸ்ஸிங்கர்.

1973 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. அப்போரில் உயிரிழந்த 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களில், 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நிக்சன் பதவியேற்ற பின் மாண்டவர்கள். வியட்நாமிய உயிரிழப்போ இலட்சங்களில் எண்ணப்படுவது. 1968இலேயே போர் முடிந்திருக்கும் என எவரும் உறுதி கூற இயலாது. ஆயினும், முடிப்பதற்கான வாய்ப்பைப் பதவிக்காகத் தட்டிவிட்டோரும், தள்ளிப்போட்டோரும் இருந்தனர் என்பது மறுக்க முடியாத உண்மை.

அன்பர்களே! ஆட்சி என்பது மக்கள் ஒப்படைத்த அமானிதம். நாட்டின் மானம், வீரர்களின் தியாகம் என்ற பெயரால் ஒரு போரை நீட்டிக்க எவர் முற்பட்டாலும், இந்தத் தாமதத்தால் பயனடைபவர் யார், பிள்ளையைப் பறிகொடுப்பவர் யார் என்று கேட்பது குடிமக்களின் கடமை. வியட்நாமில் இவ்வுண்மைகள் வெளிவந்தபோது, அவற்றால் காப்பாற்றப்பட வேண்டியவர்கள் மண்ணுக்குள் இருந்தனர். எனவே அக்கேள்வியைப் போர் நடக்கும்போதே கேட்போமாக.