பொன் விழாவும் ஒப்படைக்கப்பட்ட தாலந்தும்

(பொன் விழாத் திருப்பலியில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கின் பொன் விழாவைக் கொண்டாடும் இந்நன்னாளில், இவ்விழாவின் வேர் எங்கே இருக்கிறதென்று சற்றே சிந்திப்போம். ஐம்பதாம் ஆண்டைப் புனிதமாக அனுசரிக்கும்படி இறைவன் இஸ்ராயேல் மக்களுக்குக் கட்டளையிட்டதை லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவ்வாண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். அடிமைப்பட்டவன் தன் வீடு சேர வேண்டும். இதற்கு இறைவன் காட்டிய காரணம், நிலம் அவருடையது என்பதே. ஆகவே பொன் விழா என்பது மகிழ்ந்து கொண்டாடும் நாள். உரியவர் முன் கணக்குப் பார்க்கும் நாளும் ஆகும்.

தாலந்து உவமையை நாம் அனைவரும் அறிவோம். ஒரு தாலந்தின் மதிப்பு எவ்வளவு? 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் கூலியாளின் ஒரு நாள் கூலி. அப்படியானால் ஒரே தாலந்து பெற்றவனும் ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்பின் கூலியைக் கையில் வாங்கினான்! அவன் அதைத் திருடவில்லை; குடித்து அழிக்கவுமில்லை; மண்ணில் புதைத்து வைத்தான். அதற்காகவே கண்டிக்கப்பட்டான். "கொடுப்பதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது, சாமி?" என்று கேட்போர் இதை மனத்தில் வைப்பார்களாக.

1833-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் இருந்தார். உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று சக மாணவர்கள் அவரைக் கேட்டார்கள். அவரும் நண்பர்களும் சொற்போரை விட்டு, தம்மிடமிருந்த விறகைச் சுமந்துகொண்டு ஓர் ஏழையின் வீட்டுக்குப் போனார்கள். இன்று உலகெங்கும் பணியாற்றும் வின்சென்ட் தெ பவுல் சபை அப்படித்தான் பிறந்தது. 1997-ல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் பிடி அரிசி எடுத்து வைத்த நம் தாய்மாரும் இந்த ஞானத்தை அறிந்திருந்தார்கள். பணம் மட்டுமா தாலந்து? ஓய்வு பெற்ற ஆசிரியரின் மாலை நேரம், கொத்தனாரின் கைத்திறன், செவிலியரின் அனுபவம், இளைஞரின் உடல் வலிமை யாவுமே ஒப்படைக்கப்பட்டவை.

ஒன்றை மனம் திறந்து சொல்வோம். அரை மணி நேரத்தில் புகையாகும் வாணவேடிக்கைக்குத் தாராளமாகக் கொடுக்கிறோம். கட்டணம் கட்ட வழியின்றிப் படிப்பை நிறுத்தும் பிள்ளைக்காகக் கேட்டால் தயங்குகிறோம். எனவே விழாக் காணிக்கையில் மீதமாகும் தொகை முழுவதையும் ஏழை மாணவர் படிப்புக்கென ஒதுக்குவோம்.

கணக்கு ஒப்புவிக்கும் கடமை குருக்களாகிய நமக்கும் உண்டு. விசுவாசிகள் அளிக்கும் காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்றும், ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்றும் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பணிக்கிறது. விழாவின் வரவு செலவு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அனைவரும் பாருங்கள், சந்தேகமிருந்தால் கேளுங்கள்.

ஒவ்வொரு குடும்பமும் இன்றிரவு செபம் சொல்லும் வேளையில், நம் வீட்டில் புதைந்து கிடக்கும் தாலந்து எது என்று ஒருவரையொருவர் கேட்டுப் பார்க்கட்டும். அதைத் தோண்டி எடுக்கும் துணிவை இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.