பதிவேட்டில் விடுபட்ட வீரம்

(திருவண்ணாமலையில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமும் அன்று, சமயமும் அன்று. இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் படைத்துறைப் பதிவேட்டைப் பற்றிப் பேசுதல் யாங்ஙனம் பொருந்தும் என்று சிலர் வினவக்கூடும். பதிவேடும் எழுத்தே. எழுத்தில் நேர்ந்த பிழையைக் களைதல் என் தொழில். மேலும், இப்பொருளில் யான் முதற்கண் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவனாகவும் இருக்கின்றேன்.

சில ஆண்டுகட்கு முன் என் வகுப்பில் பயின்ற சிறுவன் ஒருவன், தன் பாட்டனார் 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு முனையில் பாலம் அமைத்தவர் என்று கூறினான். உடன் பயில்வோர் நகைத்தனர். "அங்ஙனமாயின் பதக்கம் எங்கே?" என்று ஒருவன் கேட்டான். அவர்களை அடக்க வேண்டிய யானும், "சான்று இருந்தாற் கொண்டு வா" என்றேன். மறுநாள் அவன் வெறுங்கையனாய் வந்தான். அவன் முகத்தைக் கண்டபொழுதுதான் என் சொல்லின் கொடுமை எனக்கு விளங்கிற்று.

அன்று மாலையே அப் பெரியவர் இல்லம் சென்றேன். அவர் நம் குலத்தவர். அகவை எழுபதைக் கடந்தவர். 1965ஆம் ஆண்டு மே மாதத்தில் படையிற் சேர்ந்து, 15 ஆண்டுகள் பணியாற்றி விடுபட்டவர். அவர் தம் விடுவிப்புப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பதக்கங்கள் என்னும் கட்டத்தில் ஒரே ஒரு பதக்கத்தின் பெயர் இருந்தது. 1971ஆம் ஆண்டுப் போருக்குரிய பூர்வி ஸ்டாரும் இல்லை, சங்கிராம் மெடலும் இல்லை.

"இவற்றை நீங்கள் கேட்டதில்லையா?" என்றேன்.

"கேட்பதா, தம்பி? கொடுக்க வேண்டியவர்கள் கொடுப்பார்கள் என்றிருந்தேன். போர் முடியும் தறுவாயிற் காய்ச்சல் கண்டு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பியபொழுது வேறு கம்பெனியில் அமர்த்தினார்கள். பழைய இடத்தில் நான் போய்விட்டேன், புதிய இடத்தில் நான் வரவில்லை" என்றார்.

இச் சொற்களில் முழு வரலாறும் அடங்கியுள்ளது. போர்க்களப் பதக்கம் என்பது தனி மறச்செயலுக்கு அளிக்கப்படும் விருதன்று. குறித்த நாளில், குறித்த எல்லையில், குறித்த அணியிற் பணியாற்றிய யாவர்க்கும் உரியது. அணியினர் பட்டியலை எழுதி அனுப்புவர். அப்பொழுது மருத்துவமனையில் இருந்தோர், விடுப்பிற் சென்றோர், வேறிடம் மாற்றப்பட்டோர் ஆகியோர் பெயர் எளிதில் நழுவும். எவரும் தீங்கு நினைத்திலர். எனினும் ஒரு மனிதனின் வாழ்நாளில் ஓராண்டு எழுத்தின்றி மறைந்துபோகின்றது.

அண்டை வீட்டார் ஒருவர், "அப் பதக்கங்கள் கடையிலேயே விற்கின்றன; வாங்கி அணிந்துகொண்டால் என்ன?" என்றாராம். அதற்குப் பெரியவர், "கடையில் வாங்கினால் அது கடைக்காரன் பதக்கம்; என்னுடையது அன்று" என்று விடையிறுத்தார். கொடிநாளாகிய டிசம்பர் 7ஆம் நாளில் நிகழும் கூட்டங்களுக்கும் அவர் செல்வதில்லை. காரணம் எனக்கு அன்றுதான் புலனாயிற்று.

நிற்க. நம் மாவட்டத்துச் செங்கம் பகுதி நடுகற்களாற் புகழ் பெற்றதென்பது நீங்கள் அறிந்ததே. தமிழ்நாட்டரசின் தொல்பொருள் ஆய்வுத் துறை 1972ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்துச் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. அக் கற்களில் எழுதப்பட்டிருப்பன யாவை? அரசன் பெயர், ஆட்சி ஆண்டு, வீரன் யாருடைய சேவகன், எவ்வூரில், எதன்பொருட்டுப் பட்டான், அவன் பெயர் யாது என்பன. இக்காலத்துப் படைப் பதிவேட்டில் உள்ள கட்டங்களும் இவையே அல்லவா? கல்லைத் தேர்ந்து காண்டல் முதல் வாழ்த்துதல் ஈறாக நடுகல் நிறுத்தும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துரைத்தது. வீரனை மறவாதிருத்தலை ஒரு முறைமையாக நம் முன்னோர் போற்றினர்.

எடுத்தனூர்க் கல்லை நோக்குமின். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. ஏறத்தாழ 1400 ஆண்டுகட்கு முற்பட்டது. அதில் வீரன் பெயர் உண்டு. அவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காத்த நாயின் பெயரும் உண்டு. கோவிவன் என்பது அந் நாயின் பெயர். நாயின் தொண்டையும் பெயரோடு எழுதிவைத்த மண்ணில், நாட்டிற்கு 15 ஆண்டு உழைத்த மனிதரின் தொண்டு ஒரு கட்டத்தில் எழுதப்படாமற் கிடந்தது.

பெயரைத் தொலைத்தல் பிற்காலத்து வழக்கம். 1767ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயர்க்கும் செங்கத்திலும், பின்னர் நம் திருவண்ணாமலையிலும் போர் நிகழ்ந்தது. ஆங்கிலப் படையை நடத்திய கர்னல் ஸ்மித்தின் பெயரை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இருபுறமும் நின்று மடிந்த சிப்பாய்களின் பெயரை யார் கூறுகின்றனர்? முதல் உலகப் போரின் பின், இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் ஆங்கில அரசு கல் பதித்தது. 'இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர். இத்தனை பேர் உயிர் நீத்தனர்' என்பதே அதன் வாசகம். எண் உண்டு, பெயர் இல்லை. ஈராக்கிலுள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்திலும் வெள்ளைச் சிப்பாய்கள் பெயரோடு பொறிக்கப்பட்டனர். இந்தியச் சிப்பாய்கள் எண்ணாக மட்டும் குறிக்கப்பட்டனர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் இவ் வேற்றுமையைத் தானே ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரருள் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைக்கப்படவில்லை, அல்லது அறவே நினைக்கப்படவில்லை என்பது அவ்வறிக்கையின் கணக்கு. நூறாண்டு கடந்தும் பிழையைப் பிழை என்று கூறலாம் என்பதற்கு இஃதொரு சான்று.

பிற நாட்டு நிகழ்ச்சிகளும் இதனையே காட்டும். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகம் 1973ஆம் ஆண்டு ஜூலையில் தீப்பற்றி எரிந்தது. 160 முதல் 180 லட்சம் வரையிலான படைவீரர் ஆவணங்கள் அழிந்தன. அவர்கள் சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு முதலிய வேறு ஏடுகளைக் கொண்டு இழந்தவற்றை மீட்டெழுதி வருகின்றனர். அந்நாட்டிலேயே இரண்டாம் உலகப் போரில் மறம் புரிந்த கறுப்பின வீரர் எழுவர்க்கு, நிறத்தின் பொருட்டு மறுக்கப்பட்ட உயர்ந்த விருது 1997ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. அன்று உயிரோடிருந்து பெற்றவர் ஒருவரே. திருத்தம் காலந்தாழ்ந்து வருமாயின் அதனைப் பெறுவார் இல்லாமற் போவர் என்பதை இதனால் அறிக.

பெயர் ஒன்றாயிருத்தலாலும் பிழை நேரும். 1999ஆம் ஆண்டு கார்கில் போரில் டைகர் மலையிற் போரிட்ட யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம்வீர் சக்கரம், மறைந்தவர்க்கு அளிக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அவரோ மருத்துவமனையில் உயிரோடிருந்தார். மாண்டவர் அதே பெயருடைய மற்றொருவர். நாட்டின் தலையாய விருதிலேயே இது நேருமாயின், அண்ணாமலை, அருணாசலம் என்னும் பெயர்கள் தெருவுக்குப் பத்தாக உள்ள நம் ஊரில் என்ன நேராது?

ஈண்டுத் தமிழாசிரியன் கூற வேண்டியதொன்று உண்டு. நம் பெரியவர் பெயரில் ழகரம் உண்டு. அதனை ஒரு தாளில் எல் என்னும் ஓரெழுத்தாலும், மற்றொன்றில் இசட், எச் என்னும் ஈரெழுத்தாலும் எழுதியிருந்தனர். ஒன்றில் தந்தையார் பெயர் முதலெழுத்தாய் நின்றது. மற்றொன்றில் அதுவே முழுப் பெயராய்ப் பின்னே வந்தது. ஊரோ வடஆற்காடு மாவட்டத்தது என்று பதியப்பட்டிருந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989ஆம் ஆண்டிலன்றோ? ஆகவே பழைய ஏட்டைத் தேடுவோர் பழைய மாவட்டப் பெயராலேயே தேடுதல் வேண்டும். பெயர் திரியும், ஊர் திரியும். படை எண் மட்டும் திரியாது. அவ்வெண்ணை ஒவ்வொரு விண்ணப்பத்தின் முதல் வரியிலும் எழுதுமின்.

இனி, நெறியைக் கூறுவேன். படைவீரரின் ஏடுகள் அவர் சார்ந்த பதிவு அலுவலகத்தில் இருக்கும். மதராஸ் ரெஜிமெண்டினர்க்கு நீலகிரி வெலிங்டனிலும், மதராஸ் பொறியாளர் பிரிவினர்க்குப் பெங்களூரிலும் உள்ளது. விடுவிப்புப் புத்தகத்தின் படியை இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாயிலாக எழுதலாம். 'பதக்கம் தருக' என்று பொதுவில் எழுதற்க. இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இன்ன அணியில் இன்ன இடத்தில் இருந்தேன். என் ஷீட் ரோலையும் அக்காலத்துப் பார்ட் டூ ஆர்டரையும் ஒப்பிட்டுப் பார்த்து விடுபட்டதைச் சேர்க்க என்று எழுதுமின். பணியிட மாற்றம், விடுப்பு, மருத்துவமனை சென்றது ஆகிய யாவும் பார்ட் டூ ஆர்டரில் நாள்வாரியாகப் பதியப்படும். சான்று கடலுக்கு அப்பால் இல்லை. அவர்களுடைய பேழையிலேயே இருக்கின்றது. விடை வாராதாயின் 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் விடையளிக்க வேண்டும். மறுப்பு வந்து, அது முறையன்று எனத் தோன்றின், படைத்துறைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே உண்டு.

காலந்தாழ்த்தலாகாது என்பதற்கும் காரணம் உளது. ஓய்வூதியம் பெறாது விடுபட்டோரின் ஏடுகள் 25 ஆண்டுக்குப் பின் விதிப்படி அழிக்கப்படும். லாங் ரோல் என்னும் சுருக்கப் பதிவே எஞ்சும். ஆகவே வீட்டுப் பரணிற் கிடக்கும் பழைய தாள் ஒவ்வொன்றும் பொன்னெனப் போற்றத்தக்கது.

வீர விருதின் நெறி வேறு. அதற்குக் கண்டவர் சான்றும் தலைவரின் பரிந்துரையும் வேண்டும். வழங்கப்பட்டது அரசிதழில் வெளிவரும். மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944ஆம் ஆண்டு பிப்ரவரியில் இத்தாலியிற் கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து தோழரைக் காத்து உயிர் நீத்தார். அவர்க்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. கண்டவர் எழுதினர், ஆதலின் அச்செயல் நின்றது.

எங்கள் முயற்சி யாதாயிற்று என்பீர்கள். மூன்று விண்ணப்பம் எழுதினோம். ஒன்றுக்கு விடையே இல்லை. ஒன்று, பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிற்று. மூன்றாவதன்பின், ஏறத்தாழ ஈராண்டு கழித்து, இரு பதக்கங்களும் அவர் ஏட்டிற் சேர்க்கப்பட்டன. இடையில் யான் ஆர்வ மிகுதியால், 1965ஆம் ஆண்டின் ரக்ஷா மெடலையும் கேட்கலாம் என்றேன். அதற்கு அவ்வாண்டு ஆகஸ்டு 5ஆம் நாளில் 180 நாள் பணி நிறைந்திருத்தல் வேண்டும். அவரோ மே மாதத்திற் சேர்ந்தவர். "எனக்கு உரியதை விடவும் மாட்டேன், உரியதல்லாததைத் தொடவும் மாட்டேன், தம்பி" என்று அவர் அதனை விலக்கினார். பல்லாண்டு அறநூல் கற்பித்த யான் அன்று அவர்முன் மாணவனானேன்.

பதக்கங்கள் அஞ்சலில் வந்த நாளில் அவர் அவற்றைத் தாம் அணிந்திலர். பெயரனை அழைத்து, "உன் ஆசிரியரிடம் காட்டிவிட்டு வா" என்றார். சிறுவன் என் மேசைமீது அவற்றை வைத்தான். யான் எழுந்து நின்று, வகுப்பு முழுவதும் கேட்க, அன்று யான் கேட்ட கேள்வி தவறு என்று கூறினேன்.

பெரியோர்களே! நம் குலத்தாருள் படையிற் பணிபுரிந்தோர் பலர் உளர். அவர்கள் விழாவில் மாலையிட்டு மகிழ்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் சங்கம் ஓர் ஏடு திறக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெயர், படை எண், அணி, பணியாற்றிய இடம், நாள், பெற்ற பதக்கம், பெறாத பதக்கம் ஆகியவற்றை அதில் எழுதுவோம். விண்ணப்பம் எழுதத் தெரியாதார்க்கு எழுதித் தருவோம். ஞாயிறுதோறும் இரு நாழிகை அதற்கென அமர யான் ஒருப்படுகின்றேன். மிகைபட ஒரு சொல்லும் எழுத வேண்டா. குறைபட ஒரு சொல்லும் விட வேண்டா. நம் குலத்தார் அல்லாதார் வரினும் அவ்வேட்டில் இடம் உண்டு. நடுகல் நட்டவர் அதனை ஒரு குலத்தார்க்கு மட்டும் நட்டிலர்.

இல்லம் திரும்பியதும் உங்கள் பரணைப் பார்ப்பீர்களாக. பாட்டனார் இருப்பின் அவர் அருகில் அமர்ந்து, அவர் எங்கெங்கு இருந்தார் என்று கேட்பீர்களாக. சான்று எங்கே என்று மட்டும் கேளாதீர்கள். அதனைத் தேடித் தருதல் நம் பணி.