ஈயமும் இருப்புப்பாதையும்: கிள்ளான் ஆற்றங்கரையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு

1857ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, 87 சீனச் சுரங்கத் தொழிலாளரைப் படகேற்றி கிள்ளான் ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பினார். கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் அவர்கள் கரையேறினார்கள். இன்று மஸ்ஜித் ஜாமேக் நிற்பது அங்கேதான். அங்கிருந்து காட்டை வெட்டி வழி செய்துகொண்டு அம்பாங்குக்கு நடந்து ஈயம் தோண்டத் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்குள் அவர்களில் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ராஜா அப்துல்லா இன்னும் 150 பேரை அனுப்பினார். கோலாலம்பூரின் தொடக்கம் இவ்வளவுதான். மீரட்டிலும் டில்லியிலும் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே ஆண்டு இது. பாடநூல்களில் அந்தக் கதைக்குப் பக்கங்கள் உண்டு, இதற்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை.

அத்தனை உயிர் போயும் ஈயத்தை விடாததற்குக் காரணம் ஐரோப்பாவில் இருந்தது. உணவைச் சூடாக்கிக் காற்றுப் புகாமல் அடைத்தால் கெடாது என்பதை பிரான்சின் நிக்கோலா அப்பேர் கண்டறிந்து 1810இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு லண்டனில் பீட்டர் டுராண்ட், ஈயம் பூசிய இரும்புப் பெட்டியில் உணவை அடைக்கக் காப்புரிமை பெற்றார். முதலில் கடற்படைக்கும் கப்பல்களுக்கும் போன அந்தப் பெட்டி, 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர் கைக்கு வந்து, பிறகு வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தது. மண்ணெண்ணெயும் தகர டின்னில்தான் உலகெங்கும் பயணம் செய்தது. வேல்ஸ் நாட்டுத் தகடு ஆலைகளுக்கு ஈயம் தேவைப்பட்டது. அது சிலாங்கூரிலும் பேராக்கிலும் மண்ணுக்கு அடியில் அதிக ஆழமில்லாமல் கிடந்தது. தோண்டுவதற்கு ஆள் தந்தது சீனா. அபினிப் போர்களும், 1851 முதல் 1864 வரை நீண்ட தைப்பிங் கிளர்ச்சியும் தென்சீனத்தைக் குலைத்துப் போட்டிருந்தன. குவாங்டோங் மாநிலத்து ஹக்கா மக்கள் கப்பலேறினார்கள்.

வருமானம் வந்ததும் சண்டையும் வந்தது. கிள்ளான் பகுதியின் வரி வசூலை ராஜா அப்துல்லா சிங்கப்பூர் வணிகரிடம் குத்தகைக்கு விட்டார். அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா மகாடி தன் அபினிக்கு வரி கட்ட மறுத்து, 1867இல் கிள்ளான் கோட்டையைப் பிடித்தார். சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகன் தெங்கு கூடின் எதிரணிக்குத் தலைமை ஏற்றார். சீனச் சங்கங்களும் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நின்றன. 1872இல் கோலாலம்பூர் வீழ்ந்து எரிந்தது. அடுத்த ஆண்டு பகாங் வீரர்களின் துணையோடு மீட்கப்பட்டது. இந்தப் போரில் வென்றவர் யார் என்று கேட்டால், இரு தரப்பையும் விட்டுவிட்டு பிரிட்டனைத்தான் காட்ட வேண்டும். 1874 ஜனவரியில் பேராக்கில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்பின் சிலாங்கூரும் பிரிட்டிஷ் ஆலோசகரை ஏற்றது. 1875இல் முதல் ரெசிடெண்டாக வந்தவர் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன். ஆலோசகர் என்பது மரியாதைக்கு வைத்த பெயர். மதமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் சொல்வதே நடந்தது.

இந்தக் காலத்தின் தலைவர்களில் யாப் ஆ லோய்க்கு ஈடு சொல்ல ஆளில்லை. 1854இல் 17 வயதில் வெறுங்கையோடு மலாக்காவில் இறங்கியவர், 1868இல் கோலாலம்பூரின் மூன்றாம் கப்பித்தான், அதாவது சீனர் தலைவர், ஆனார். போரில் அழிந்த ஊரைக் கடன் வாங்கித் திரும்பக் கட்டினார். சுரங்கம், சந்தை, சூதாட்டக் கொட்டகை, அபினிக் குத்தகை எல்லாம் அவர் கையில் இருந்தன. ஊரைக் காத்தவர் என்று அவரைப் போற்றுவோர், அதே ஊர்க் கூலியாளின் சம்பளம் அபினியாகவும் சூதாகவும் அவரிடமே திரும்பிப் போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. மறு ஆண்டே தீ ஊரை எரித்தது, வெள்ளம் மிச்சத்தை அடித்துப்போனது. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த வீடுகள் இரண்டுக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. 1882இல் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். ஊருக்குத் தெற்கே செங்கல் சூளைகள் புகைந்தன. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் அந்தச் சூளைகளால் வந்தது.

செங்கல்லைவிடப் பெரிய மாற்றத்தைத் தண்டவாளம் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஸ்டாக்டன்-டார்லிங்டன் பாதை 1825இல் திறக்கப்பட்டது. சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் ரயில் ஓடியது. மலாயாவின் முதல் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையான புக்கிட் கூடா வரை சுமார் 31 கிலோமீட்டர்ப் பாதை தயாரானது. அதுவரை ஈயக் கட்டிகள் மாட்டுவண்டியிலும் படகிலும் மாறி மாறி ஏறி, மழைக்கும் மணல்திட்டுக்கும் காத்துக் கிடந்து கடலுக்குப் போயின. ரயில் வந்ததும் அந்த வழி சில மணி நேரமாகச் சுருங்கிற்று. 1890இல் ஆற்றுப்பாலம் முடிந்து ரயில் கிள்ளான் ஊருக்குள் நுழைந்தது. 1884இல் சுமார் 4,500 பேர் வாழ்ந்த கோலாலம்பூரில் 1890இல் 20,000 பேர் இருந்தார்கள். பாதைகள் எல்லாம் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு நேர்கோடாகப் போடப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரையும் ஊரையும் இணைக்கும் எண்ணம் பிறகே வந்தது.

பாதையைப் போடவும் பராமரிக்கவும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தார்கள். நிலையத்திலும் அலுவலகத்திலும் கணக்கெழுதவும் தந்தியடிக்கவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். இந்தப் பிரிவினைக்கு வேர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அதற்குப் போட்டியாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அரை நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் வேலையைவிட அதிகமாக இருந்தார்கள். இலங்கையில் பணியாற்றிவிட்டு 1891இல் சிலாங்கூர் அரசுப் பொறியாளராக வந்த சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர், பின்னர் ரயில்வேக்குத் தலைவரானதும் இந்த இளைஞர்களுக்குக் கதவைத் திறந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பாக உருமாறியது இப்படித்தான். 1904இல் அங்கே விவேகானந்தா ஆசிரமம் தோன்றியது. ஒரே மொழி பேசிய இருவரில் ஒருவர் குவார்ட்டர்ஸிலும் மற்றவர் கூலி லயத்திலும் குடியேறினார்கள். அந்த இடைவெளி இந்த நாட்டுத் தமிழரிடையே பல தலைமுறை நீடித்தது.

லயத்துக்கு வந்தவர்களின் கதை உலகின் நான்கு மூலைகளைத் தொட்டு வருகிறது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. அடிமைகள் போன இடத்தில் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். மலாயாவில் அவர்களுக்குச் சஞ்சிக்கூலி என்று பெயர். பினாங்குக்கு எதிரே வெல்லஸ்லி மாநிலத்தின் கரும்புத் தோட்டங்கள் அவர்களைத்தான் நம்பி நின்றன. 1869 முதல் இலங்கையின் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்தது. அங்கிருந்து வெளியேறிய துரைமார் சிலர் சிலாங்கூரில் காப்பி நட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் பழகிய கங்காணி முறையும் மலாயாவில் வேரூன்றியது. கங்காணி தன் ஊருக்கே போய் உறவிலும் சாதியிலும் ஆள் திரட்டிக் கடனோடு கூட்டிவருவார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, நாகப்பட்டினத்தில் கப்பலேற ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

காப்பியும் நிலைக்கவில்லை. பிரேசில் அளவுக்கு மிஞ்சி விளைவித்ததில் 1890களின் பிற்பகுதியில் விலை சரிந்தது. வேறு பயிர் தேடியவர்களுக்கு அதே பிரேசிலின் மரம் கைகொடுத்தது என்பது வேடிக்கைதான். ஹென்றி விக்கம் 1876இல் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூர் வந்தன. 1888இல் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அந்த ஆண்டில்தான் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ரிட்லி பையில் விதையோடு அலைந்தபோது துரைமார் அவரைப் பித்தர் என்றார்கள். 1890களின் நடுவில் காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்களும், 1896இல் மலாக்காவில் டான் சே யானும் நட்டுப் பார்த்தார்கள். கார் பெருகியதும் காப்பித் தோட்டங்கள் ரப்பர்த் தோட்டங்களாயின. கிள்ளானைச் சுற்றிய சதுப்பு நிலமும் அதற்குள் வந்தது.

அரசு அலுவலகம், ஈயச் சுரங்கம் என்ற இரு உலகத்திலும் கால் வைத்திருந்தவர் தம்புசாமி பிள்ளை. 1850இல் சிங்கப்பூரில் பிறந்து, டேவிட்சனின் எழுத்தராக 1875இல் கிள்ளானுக்கு வந்தவர். அரசுக் கருவூலத்தில் உயர்ந்து, பிறகு வேலையை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். எடிசன் நியூயார்க்கில் 1882இல் மின்நிலையம் தொடங்கிய பன்னிரண்டே ஆண்டில், சுரங்க முதலாளி லோக் யூவோடு சேர்ந்து ராவாங் சுரங்கத்துக்கு மின்னாக்கி கொண்டுவந்தார். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலும், 1890களின் தொடக்கத்தில் பத்துமலை முருகன் வழிபாடும் அவர் முயற்சியில் தோன்றியவை. தைப்பூசம் அங்கே 1892 முதல் நடக்கிறது. பக்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மின்னாக்கியை மறந்துவிட்டது நம்மவர் வழக்கம்.

1896இல் நான்கு மலாய் மாநிலங்கள் கூட்டரசாகிக் கோலாலம்பூர் அதன் தலைநகரானது. மறு ஆண்டு, விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்த விழாவில், இப்போது சுல்தான் அப்துல் சமாட் பெயர் தாங்கும் கட்டடத்தின் மணிக்கூண்டு முதன்முறை ஒலித்தது.

1857இல் 69 பேரைக் கொன்ற காய்ச்சலுக்கு விடை 1897இல்தான் கிடைக்கத் தொடங்கியது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டார். 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கொசுவை ஒழித்தால் காய்ச்சல் குறையும் என்பதைச் செயலில் காட்டினார். கிள்ளான் ஊரிலும், புதிதாகத் திறந்து காய்ச்சலால் மூடும் நிலைக்கு வந்த ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பை வெட்டி வடித்தார். நோய் வேகமாகக் குறைந்தது. மேட்டு நிலத் தோட்டங்களில் அதே முறை பலிக்கவில்லை. காட்டை அழித்து ஓடையைத் திறந்துவிட்டால், வெயில்பட்ட தெளிந்த நீரில் வேறொரு வகைக் கொசு பெருகியது. அங்கே நிலத்தடிக் குழாய் பதிக்கவும் நீரில் எண்ணெய் தெளிக்கவும் வேண்டும் என்று தெரிய இன்னும் பல ஆண்டு பிடித்தது. அதுவரை லயங்களில் சாவு தொடர்ந்தது. சஞ்சிக்கூலி முறை 1910இல் நின்றது. கங்காணி ஆள்பிடிப்பு 1938 வரை நீடித்தது.