சிவாவா என்னும் சிறு நாய்

தில்லியிலோ மும்பையிலோ மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நம்மவர்க்கு நாய் வளர்க்கும் ஆசை எழுந்தால், முதலில் குறுக்கே நிற்பது இடநெருக்கடிதான். ஊரில் திண்ணையும் கொல்லையும் இருந்தன; நாய் தன் பாட்டுக்கு வளர்ந்தது. இங்கோ இரண்டே அறைகள். ஆகவே சிறு நாயை நாடுகிறோம். நாங்களும் அவ்வாறே தில்லியில் சிவாவா இனக் குட்டியொன்றை வாங்கினோம். நாய் சிறியதாயின் தொல்லையும் சிறியதாகவே இருக்கும் என்பது எங்கள் எண்ணம். அது எத்துணைப் பிழையான எண்ணம் என்பதைச் சொல்லவே இன்று நேயர்கள் முன் வந்துள்ளோம்.

சிவாவா மெக்ஸிகோ நாட்டிற்குரியது. அந்நாட்டின் வடக்கே, அமெரிக்க எல்லையை ஒட்டிய மாநிலத்தின் பெயரே இதற்கும் பெயராயிற்று. 1908இல் அமெரிக்க கென்னல் கிளப்பின் பதிவேட்டில் இவ்வினம் இடம்பெற்றது. பழங்காலத் தோல்தெக் மக்கள் வளர்த்த, குரைக்காத நாயின் வழித்தோன்றல் இது என்பர். ஆயினும், ஐரோப்பியர் வருமுன் அமெரிக்காவில் வாழ்ந்த நாய்களின் மரபு இன்றைய நாய்களில் ஏறத்தாழ அற்றுப்போயிற்று என்று 2018இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டிற்று. எங்கள் வீட்டு வாசல் மணியை அடித்தவர் எவரும் குரைக்காத நாயின் கதையை நம்பமாட்டார்!

எடை 3 கிலோவுக்கு உட்பட்டதே. ஆப்பிள் பழம் போல் உருண்ட தலை, நிமிர்ந்து விரிந்த காதுகள், பெரிய கண்கள். குறுமயிர், நெடுமயிர் என இருவகை. ‘டீ கப்’ என்று தனி இனம் ஏதுமில்லை. அது விற்போர் சூட்டிய பெயர். நம் கைக்குழந்தைக்கு இருப்பது போன்ற உச்சிக்குழி இதன் தலையிலும் பெரும்பாலும் உண்டு. சிலவற்றில் ஆயுள் முழுதும் மூடுவதில்லை. கட்டிலினின்று தவறி விழுதலும் ஆபத்தே.

எங்கள் குட்டி வந்த மூன்றாம் நாள், ஜனவரிக் குளிர். வயது இரண்டு மாதம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். தாய்ப்பால் மறவாத குட்டி அது என்பது பின்னரே தெரிந்தது. முன்னிரவு உணவைத் தொடவில்லை. பசித்தால் உண்ணும் என்று விட்டுவிட்டோம். விடிந்ததும் தள்ளாடிற்று, சற்றைக்கெல்லாம் கழுத்துத் துவண்டு விழுந்தது. குளிர்தான் காரணம் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தோம். மேல்மாடிப் பஞ்சாபி மூதாட்டி வந்து பார்த்து, “தேன் இருக்கிறதா?” என்றார். விரலில் தொட்டு அதன் ஈறில் தடவினார். வாயில் ஊற்றப்போன எங்கள் கையைத் தடுத்து, “மூச்சுக்குழலில் இறங்கிவிடும்” என்றார். சில நிமிடங்களில் குட்டி கண் திறந்தது. உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டதாம். இத்துணைச் சிறிய உடலில் சேமிப்பு ஏது? ஓரிரவுப் பட்டினியே உயிரை வாங்கிவிடும் என்றார். தேன் தடவுவது வழியில் உயிரைக் காப்பதற்கே. மருத்துவருக்கு அது ஈடாகாது.

அன்றுமுதல் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு வேளை உணவு. குளிர்காலத்தில் கம்பளிச் சட்டை. கழுத்துப் பட்டையில் வாரைப் பூட்டி இழுத்தால் மெல்லிய மூச்சுக்குழல் நசுங்கும். மார்பைச் சுற்றிய வாரே நல்லது. சிறு தாடையில் பற்கள் நெருங்கி முளைப்பதால் அவை விரைவில் கெடும். நாய்க்குரிய பற்பசையால் துலக்க வேண்டும். முழங்காற்சில்லு நழுவுவதும் இவ்வினத்தில் மிகுதி; நொண்டினால் காலந்தாழ்த்தலாகாது. நம் வீட்டுச் சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. திராட்சையும் சாக்லேட்டும் அவ்வாறே. உடல் சிறியதாகையால் சிறு துண்டும் பெருங்கேடு செய்யும். வெறிநோய்த் தடுப்பூசியில் மட்டும் சிறியது பெரியது என்னும் பேதமில்லை.

இவ்வினம் 15 ஆண்டுகள் வாழ்வதும் உண்டு. அதற்குள் நமக்கு எத்தனை ஊர் மாற்றமோ! எங்கள் நாய்க்கு இப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறையில் நாங்கள் ஊருக்குச் செல்லும்போது அது மேல்மாடியில் அம்மூதாட்டியிடம் தங்குகிறது. தேன் குப்பியும் உடன் செல்கிறது.