ஆயுளும் நலமும்
(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற முதியோர் சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கிராமத்துக் காற்றும் கேழ்வரகுக் கூழும் ஆயுளை வளர்க்கும். நகர வாழ்க்கை அதனைக் குறைக்கும் என்று நம் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். நானும் அதையே நம்பியிருந்தேன். ஆனால், புள்ளிவிவரம் வேறு விதமாகக் கூறுகிறது. இந்தியாவில் 2014 முதல் 2018 வரையிலான கணக்கின்படி, நகரங்களில் சராசரி ஆயுள் 72.6 ஆண்டுகள், கிராமங்களில் 68 ஆண்டுகளே.

சிங்கப்பூரில் இன்று கிராமங்கள் அநேகமாக இல்லை. இங்கு அவ்வேறுபாட்டைக் காலத்தில்தான் காண இயலும். கம்பங்கள் நிறைந்திருந்த 1965இல் நம் சராசரி ஆயுள் ஏறத்தாழ 65 ஆண்டுகள், 2017இல் 84.8 ஆண்டுகள். தூய குடிநீர், தடுப்பூசி, அருகிலேயே மருத்துவமனை ஆகியவை தந்த பேறு இது. வாளிக் கழிவறைகள் முற்றிலும் ஒழிந்ததே 1987இல்தான் என்பதை இளையோர் அறிதல் நன்று.

எனினும், அந்த 84.8 ஆண்டுகளில் உடல்நலத்தோடு வாழ்பவை 74.2 ஆண்டுகளே. எஞ்சிய பத்தாண்டுகள் நோயோடு கழிகின்றன. 2010ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் சீனர்களிடையே 9.7 விழுக்காடாக இருந்த நீரிழிவு, இந்தியர்களிடையே 17.2 விழுக்காடாக இருந்தது. நம் சர்க்கரைப் பொங்கலின் அளவையும் நாம் சிந்திக்க வேண்டும்.

இவ்விடத்தில் என் குறையொன்றையும் கூறுகிறேன். செம்பவாங் கம்பத்தில் வளர்ந்த என் தாயார், தந்தையார் மறைந்தபின் அடுக்குமாடி வீட்டில் தனியே வாழ்ந்து வந்தார். முழங்கால் வலியால் அவர் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குச் செல்வதை நிறுத்தி இரண்டு மாதங்கள் ஆகியும் நான் அறியவில்லை. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்கேன்பா" என்றே கூறினார். கோயிலில் பூத்தொடுக்கும் அம்மையார் ஒருவர்தாம் அவரைக் காணாது வீடு தேடிச் சென்று, எனக்குத் தெரிவித்தார். கம்பத்தில் ஒருவேளை அடுப்புப் புகையாவிட்டாலே அண்டை வீட்டார் வந்து கேட்பார்களாம்.

நகரம் நமக்கு ஆண்டுகளைத் தந்துள்ளது. அந்த அண்டை வீட்டாராக நாம்தாம் இருக்க வேண்டும். வழக்கமாக அமரும் இடத்தில் ஒரு முதியவரைக் காணவில்லையெனில், அன்றே விசாரியுங்கள். அதுவும் இறைபணியே.