முகப் பூச்சும் ரேஷன் எண்ணெயும்

(தாம்பரத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் பங்கேற்ற வகுப்பில் நிகழ்த்திய உரை)



போன மாதம் சானடோரியம் பக்கம் பத்திரிகைச் சந்தா வசூலுக்குப் போயிருந்தோம். ஏற்றுமதி வளாகத்தில் வேலை செய்யும் பெண்கள் ஆறு பேர் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "அண்ணே, போனஸ் பற்றி எழுதுகிறீர்கள், பஞ்சப்படி பற்றி எழுதுகிறீர்கள். இந்தக் கிரீமைப் பூசலாமா கூடாதா என்று எழுத மாட்டீர்களா?" கேட்டுவிட்டு ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். மேலே ஏதோ அந்நிய எழுத்து. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. தயாரித்தவன் விலாசம் இல்லை. விலை மட்டும் தெளிவாக இருந்தது.

அன்று நம்மிடம் பதில் இல்லை. விசாரித்து வந்து சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்தப் பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறோம். "கட்சி வகுப்பில் முகப் பவுடர் பேச்சா?" என்று பின்வரிசையில் சில தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்கள் அலமாரியிலும் அந்த டப்பா இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். பல்லாவரத்தில் கண்டக்டர் "பாண்ட்ஸ்" என்று கூவுகிறார். அது பவுடரும் கிரீமும் விற்ற கம்பெனியின் பெயர். அதைத் தாண்டினால் குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனி இருந்ததால் வந்த பெயர். ஒன்று மனிதத் தோலில் பூசும் சரக்கு; மற்றது மாட்டுத் தோலைப் பதனிடும் சரக்கு. சாமி பெயருமில்லை, ராஜா பெயருமில்லை. முதலாளிகளின் சரக்கால் நம் ஊருக்கு வந்த பெயர்கள். தோலை வைத்துப் பிழைத்த வட்டாரம் இது. நம்முடைய தோலைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

முதலில் அந்த டப்பாவின் கதை. நம் தோலுக்குக் கருமை கொடுப்பது மெலனின் என்ற பொருள். வெயிலில் வேலை செய்கிறவனுக்கு அது உடம்போடு பிறந்த குடை. பாதரசத்தின் உப்புகள் தோலுக்குள் புகுந்து, இந்த மெலனின் உண்டாகும் வேலையைத் தடுத்துவிடுகின்றன. ஆகவே சில வாரங்களில் முகம் வெளுக்கத்தான் செய்கிறது. கடைக்காரன் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் ஆபத்து அதிகம். பலன் தெரிந்த பிறகு யார் விடுவார்கள்?

ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. சிறுநீரகம் சல்லடை மாதிரி; சத்தை நிறுத்திக் கழிவை வெளியே விடவேண்டியது. சல்லடையில் ஓட்டை விழுந்தால் உடம்பின் புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகிறது. கால் வீங்குகிறது, கண்ணிமை வீங்குகிறது, சிறுநீரில் நுரை பொங்குகிறது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே இந்த வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே தினுசு நோய். அந்த 15 பேரில் 13 பேர், நோய் காணுமுன் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள்! பெரும்பாலோர் கிரீமை நிறுத்தியதும் தேறினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆகவே பூசியவர்கள் பயந்து ஒளியவேண்டாம். நிறுத்தவேண்டும், டாக்டரிடம் போய் "இன்ன கிரீம் பூசினேன்" என்று வாய்திறந்து சொல்லவேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் டாக்டர் எங்கே தேடுவார்?

இன்னொன்று. பூசுகிறவளோடு இது முடிவதில்லை. பாதரசம் ஆவியாகும்; தலையணையில் ஒட்டும்; பக்கத்தில் படுத்த குழந்தையின் உடம்பிலும் ஏறும்.

இரண்டாவது விஷம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற டியூப். படைக்கும் சொறிக்கும் என்று வாங்கி முகத்துக்குப் பூசுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் பளபளப்பு. பிறகு தோல் காகிதம் போல் மெலிந்து, வெயில் பட்டால் எரிகிறது. பெண்கள் முகத்தில் முடி வளர்கிறது. 2018-ல் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. சீட்டு கேட்கிற கடை நம் பேட்டையில் எத்தனை? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஏன் பூசுகிறாள் அந்தப் பெண்? "புத்தியில்லை" என்று சில பெரிய மனிதர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். துணிக்கடையில் வேலைக்குப் போனால் முகத்தைப் பார்த்து எடுக்கிறான். பெண் பார்க்க வருகிறவன் நிறத்துக்கு ஒரு விலை, பவுனுக்கு ஒரு விலை வைக்கிறான். அந்த மாப்பிள்ளை நம் சங்கத்து வாலிபனாகவும் இருக்கிறான் தோழர்களே! வெயிலில் நாற்று நட்டவள் கறுப்பு, நிழலில் உட்கார்ந்து குத்தகை அளந்தவன் சிவப்பு. அந்தப் பழைய கணக்கைத்தான் கிரீம் கம்பெனிகள் காசாக்கின. 1975-ல் ஹிந்துஸ்தான் லீவர் "ஃபேர் அண்ட் லவ்லி"யைக் கொண்டுவந்தது. சிவந்த பெண்ணுக்கே வேலை, சிவந்த பெண்ணுக்கே கல்யாணம் என்று பல வருஷம் விளம்பரம் செய்தார்கள். 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்றதை எதிர்த்து உலகெங்கும் ஜனங்கள் கிளம்பிய பிறகுதான் "ஃபேர்" என்ற வார்த்தையை எடுத்தார்கள். அந்தக் கிரீமில் பாதரசம் இருந்ததென்று நாம் சொல்லவில்லை. ஆசையை மூட்டியவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள். அந்த ஆசைக்கு மலிவு விலையில் விஷத்தை விற்கிறவன் பெயரில்லாத டப்பாக்காரன்.

பாதரசக் கதையில் பெரிய கம்பெனிக்கும் ஒரு பங்கு உண்டு. நம் பஸ் நிறுத்தத்துக்குப் பெயர் கொடுத்த பாண்ட்ஸ்தான் 1980-களில் கொடைக்கானல் மலையில் தெர்மாமீட்டர் பாக்டரி வைத்தது. அமெரிக்காவில் ஓடிய பாக்டரியைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது. பின்னால் அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001-ல் ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்து கிடப்பதை ஜனங்கள் கண்டுபிடித்தார்கள். பாக்டரி மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. தொழிலாளர்கள் விடவில்லை. 15 வருஷம் போராடி, 2016 மார்ச்சில் 591 பேருக்கு உடன்பாடு கண்டார்கள். இதற்குள் எத்தனை குடும்பங்கள் எத்தனை ஆஸ்பத்திரி வாசல் ஏறி இறங்கின!

சரி, முகம் கழுவினால் போய்விட்டது என்று நினைக்கிறோமே, எங்கே போகிறது? சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை ஏரிக்குப் போகிறது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகிறது. 2022-ல் அந்தச் சதுப்புக்கு ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக மதிப்பு கொடுத்தார்கள். பக்கத்தில் பெருங்குடிக் குப்பைமேடு, அது வேறு கதை. பாதரசம் அழிவதில்லை. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெதில் பாதரசம் என்ற இன்னும் கொடிய பொருளாக மாற்றுகின்றன. அதைப் புழு தின்கிறது, புழுவைச் சிறுமீன், சிறுமீனைப் பெருமீன், பெருமீனை நாம். ஒவ்வொரு படியிலும் விஷம் கூடிக்கொண்டே போகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனி 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. முதலில் பூனைகள் வெறிபிடித்து ஆடிச் செத்தன. பிறகு மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் கைகால் முடங்கின. 1956-லேயே நோய் வெளிப்பட்டும் கழிவு நின்றது 1968-ல்தான். அந்த ஊரின் பெயரில்தான் 2013-ல் பாதரசத்துக்கெதிரான உலக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா 2018-ல் அதை ஏற்றது. பாதரசம் சேர்த்த முகப் பூச்சுகளை 2025-க்குள் அடியோடு ஒழிப்பதென்று 2023-ல் ஜெனீவாவில் கூடித் தீர்மானித்தார்கள். தீர்மானம் ஜெனீவாவில் இருக்கிறது. டப்பா சானடோரியம் கடையில் இருக்கிறது.

மாட்டுத் தோல் பக்கம் வருவோம். பம்மலிலும் நாகல்கேணியிலும் தோல் ஷாப்பில் வேலை செய்த பெரியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. உப்பு, சுண்ணாம்பு, குரோம். கையில் உறையில்லாமல் தொட்டியில் இறங்கினால் விரலிடுக்கில் வெடிப்பு, அரிப்பு. குரோமியம் ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு அந்த உடம்பு அதை மறப்பதில்லை. ஷாப்பை விட்டுக் கட்டட வேலைக்குப் போனால் சிமெண்டிலும் குரோமியம் இருக்கிறது. மறுபடி கை வெடிக்கிறது. கழிவுத் தண்ணீர் நிலத்தில் இறங்கி அந்தப் பக்கத்துக் கிணறுகளை உப்பாக்கியது. வேலூர் ஜனங்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்றது. நம் பகுதி அடங்கிய அன்றைய செங்கை ஜில்லா உட்பட ஐந்து ஜில்லாக்களில் தோல் ஷாப்புகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. வேலையா, தண்ணீரா என்று முதலாளி நம்மைக் கேட்பான். இரண்டும் வேண்டும் என்பதே நம் பதில். சுத்திகரிப்புச் செலவை லாபத்திலிருந்து எடுக்கட்டும்.

இனி சாப்பாடு. சோப்புக்கும் சட்டிக்கும் பொதுவான ஒரு சரக்கு இருக்கிறது. அதுதான் பாமாயில். நாம் தேய்க்கும் சோப்பில் பெரும்பாலும் அந்தக் கொழுப்பு. பஜ்ஜிக் கடைச் சட்டியில் அது. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு வருவதும் அது. இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. மலேயாவில் ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை நட்ட தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்தவர்கள் யார்? தஞ்சாவூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் போன நம் ஜனங்களின் பேத்திகள். பாராகுவாட் என்ற மருந்தை முதுகில் சுமந்து தெளித்து, நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வடிந்து நின்ற பெண்கள். மலேசிய சர்க்கார் அதை 2020-ல் தடைசெய்தது. அந்த மருந்து நம் நாட்டு வயல்களிலும் வெகுகாலமாகத் தெளிக்கப்பட்டு வருகிறது. முடிச்சூர், படப்பை பக்கத்து விவசாயத் தொழிலாளத் தோழர்கள் டப்பாவின் பெயரைப் படித்துப் பார்க்கவேண்டும். இந்தோனேசியாவில் காட்டை எரித்துத் தோட்டம் போட்டதில் 2015-ல் சிங்கப்பூர் வரை புகை மூடியது.

பாமாயிலில் ஏறக்குறையப் பாதி கெட்டியாகும் கொழுப்பு. தினம் இரு வேளை அதிலேயே பொரித்தால் ரத்தக் குழாய்க்கு நல்லதல்ல. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் இன்னும் கேடு. உடனே "செக்கெண்ணெய் வாங்கிச் சாப்பிடுங்கள்" என்று உபதேசம் செய்வது சுலபம். நம் கூலியில் அது முடியுமா? 25 ரூபாய் எண்ணெயை வாங்குகிறவனுக்கு "தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்" என்று ஒன்று எங்கே இருக்கிறது? ரேஷனில் நம் விவசாயியின் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடு என்பதுதான் கோரிக்கை. கப்பல் கம்பெனிக்குப் போகிற பணம் கடலை பயிரிடுகிறவனுக்குப் போகட்டும். அதுவரை எண்ணெயை அளந்து ஊற்றுங்கள், காய்ந்த எண்ணெயை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. 1920-களிலேயே குன்னூரில் மக்காரிசன் என்ற டாக்டர் எலிகளுக்கு ஒவ்வொரு பிரதேசத்துச் சாப்பாட்டையும் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். நம் சென்னை ராஜதானிச் சாப்பாட்டைத் தின்ற எலிகள்தான் நோஞ்சானாகிப் போயின. தவிட்டை முழுக்கத் தீட்டி எறிந்த அரிசி, பருப்பும் பாலும் காணாத சாப்பாடு. நாம் இன்னும் பெரும்பாலும் அதே தட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம். பழைய கேழ்வரகுக் களியை ஏழைச் சாப்பாடு என்று நாமே வெட்கப்பட்டு விட்டோம். இப்போது பணக்காரன் அதை அழகான பையில் போட்டு விற்கிறான்.

முகத்துக்கு என்னதான் போடுவது என்று தாய்மார்கள் கேட்பீர்கள். பாசிப்பயறு மாவு போதும். பாட்டி செய்த நலங்கு மாவு போதும். தேமல், படை இருந்தால் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே போங்கள். கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் போங்கள். சோப்பு வாங்கும்போது உறையில் டி.எஃப்.எம். எண்ணைப் பாருங்கள். 76-க்கு மேல் என்றால் முதல் தரம். எண்ணே போடாமல் "பாத்திங் பார்" என்றிருந்தால் அது முழுச் சோப்பே அல்ல.

அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் இதுதான்: பூசாதே அம்மா. உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத எதையும் பூசாதே. எழுதியிருந்தாலும் "மெர்க்குரி", "கலோமல்" என்ற சொல் இருந்தால் பூசாதே.

டப்பா வைத்திருப்பவர்கள் அதைக் குப்பையில் போடவேண்டாம், சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். மூடியை இறுக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வாங்கிய கடையின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்க ஆபீசில் கொடுங்கள். கொடுப்பவர் பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்து மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுவோடு ஒப்படைக்கப் போகிறோம். குறைந்தது இருபது பேராவது கூட வரவேண்டும். திங்கள்கிழமை ஷிப்டு இல்லாதவர்கள் இப்போதே கைதூக்குங்கள்.